வலது முழங்காலுக்கு 15, இடது முழங்காலுக்கு 20: எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது?

கேள்வி: நான் 1994-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 24 ஆண்டு பணி முடித்து, 2018 அக்டோபரில் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஊர் கணியம்பாடிக்குப் பக்கம். 2009-இல் குப்வாராவில் ரோந்து போனபோது பனியில் சறுக்கி விழுந்து வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது; இன்ஜுரி ரிப்போர்ட் இருக்கிறது. 2015 முதல் இடது முழங்காலும் வலிக்கத் தொடங்கியது. ஓய்வுக்கு முன் நடந்த மெடிக்கல் போர்டில், வலது காலுக்கு 15 விழுக்காடு, அது பணியால் வந்தது என்றும், இடது கால் மூட்டுத் தேய்மானத்துக்கு 20 விழுக்காடு, அதற்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதினார்கள். இரண்டும் சேர்த்து 30. ஆனாலும் டிஸ்எபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று 2019-இல் கடிதம் வந்தது. 20 இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொன்னதால் மேல்முறையீடு செய்யவில்லை. இப்போது மல்லாட்டை பிடுங்கக் குந்த முடியவில்லை. வள்ளிமலைப் படி ஏற முடியவில்லை. வேலூரில் ஒருவர், தனியார் டாக்டரிடம் 50 விழுக்காடு சான்று வாங்கிப் பென்ஷன் பெற்றுத் தருவதாகவும், அரியரில் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்றும் சொல்லிப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். டிஸ்சார்ஜ் புக்கை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஏழு ஆண்டு கழிந்த பிறகு மேல்முறையீடு செய்யலாமா? வலது கால் 15-ஐ 20 ஆக்க வழி உண்டா? மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டால் கேஸ் கெட்டுவிடுமா?

பதில்:

மதிப்பிற்குரிய ஹவில்தார் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், நாளைக் காலையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த மனிதரிடம் போய் உங்கள் டிஸ்சார்ஜ் புக்கைத் திரும்ப வாங்குங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்பர்ஷ் என்னும் ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையோ கேட்டால் கொடுக்காதீர்கள். இனி வரப்போகும் ஓய்வூதியத்தில் பங்கு தருவதாக எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி செல்லாது. அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும், வழக்கின் முடிவில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்களை அந்த வட்டாரத்திலிருந்தே நான் சந்தித்திருக்கிறேன் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி உங்கள் வழக்குக்கு வருவோம். ஊன ஓய்வூதியம் இரண்டு கேள்விகளின் மேல் நிற்கிறது. காயமோ நோயோ பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா என்பது முதல் கேள்வி. அது எத்தனை விழுக்காடு என்பது இரண்டாவது. உங்களைப் போல் பணிக்காலம் முழுவதையும் முடித்து ஓய்வு பெற்றவருக்கு, முதல் கேள்விக்கு ஆம் என்ற விடையும், இரண்டாவது கேள்விக்கு 20 அல்லது அதற்கு மேல் என்ற விடையும் ஒரே ஊனத்துக்கு ஒருசேரக் கிடைத்தாக வேண்டும். உங்கள் வலது கால் முதல் கேள்வியில் வென்று இரண்டாவதில் தோற்றது. இடது கால் இரண்டாவதில் வென்று முதலாவதில் தோற்றது. கூட்டு மதிப்பீடாகிய 30-இலிருந்து பணிக்குத் தொடர்பில்லை என்று சொல்லப்பட்ட பகுதியைக் கழித்துவிட்டு 15-ஐ மட்டும் கணக்கில் எடுத்ததால்தான் உங்களுக்கு அந்த நிராகரிப்புக் கடிதம் வந்தது.

நீங்கள் வலது காலைத்தான் உங்கள் வழக்கு என்று நினைக்கிறீர்கள். விழுந்த இடம், நாள், சாட்சி, இன்ஜுரி ரிப்போர்ட் எல்லாம் அதற்கு இருப்பதால் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, மேல்முறையீட்டின் முன்வரிசையில் நிற்க வேண்டியது இடது கால்தான் என்ற முடிவுக்கே நான் வந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். விழுக்காடு என்பது மருத்துவர்கள் தொட்டுப் பார்த்து, அளந்து எழுதுவது. அதை, படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் எளிதில் மாற்றுவதில்லை. ஐயம் எழுந்தால் மீண்டும் ஒரு மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்களே தவிர, 15-ஐத் தாங்களாக 20 என்று திருத்தி எழுத மாட்டார்கள். 15-ஐ அப்படியே வைத்துக்கொண்டு மேல்நோக்கி முழுமையாக்கிக் கொடுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் விழுக்காட்டை முழுமையாக்கும் பலன் உண்டு என்று தீர்ப்பளித்தது உண்மை. அதன்படி 50-க்குக் கீழ் இருப்பது 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பது 75 ஆகவும், அதற்கு மேல் இருப்பது 100 ஆகவும் கொள்ளப்படும். ஆனால் அந்தப் பலன், 20 என்ற வாசலைத் தாண்டியவருக்கு மட்டுமே என்று 2019 டிசம்பரில் விங் கமாண்டர் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பணியின் நடுவில் மருத்துவக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் ஊனம் 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்ற சுக்விந்தர் சிங் தீர்ப்பை உங்களிடம் யாராவது எடுத்துக் காட்டலாம். நீங்கள் அப்படி அனுப்பப்பட்டவர் அல்லர். அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

இடது காலின் நிலைமை வேறு. அங்கே 20 என்ற எண்ணை ராணுவ மருத்துவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் சண்டை போடத் தேவையில்லை. மிச்சமிருப்பது, அது பணியால் வந்ததா என்ற கேள்வி மட்டும். அந்தக் கேள்வியில் சட்டம் படைவீரரின் பக்கம் சற்றுச் சாய்ந்தே நிற்கிறது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பணியில் சேரும்போது ஒருவருக்கு நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்த குறைக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்பவர்களே அதற்குக் காரணம் காட்ட வேண்டும், நியாயமான ஐயம் இருந்தால் அதன் பலன் வீரருக்கே சேர வேண்டும். அதோடு, குறை பணியால் உண்டாகாவிட்டாலும் பணியால் அதிகமானது என்று நிறுவினாலே போதும். இதை எந்த வழக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிட முடியாது என்று 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் எச்சரித்தது. அது மனநோய் தொடர்பான வழக்கு. சேர்க்கையின்போது கண்டறிய முடியாத நோய்க்கு, நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்ற அந்த ஊகத்தை இயந்திரம் போல் பொருத்தக் கூடாது என்பது அங்கே சொல்லப்பட்ட கருத்து. முழங்கால் அப்படிப்பட்டதன்று. 18 வயதில் ஓடியும் குதித்தும் தேர்வான ஒருவரின் மூட்டு அன்று நன்றாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் ஊகத்தை மட்டும் நம்பி மனு எழுதினால் அது பாதி மனுதான். உங்கள் இடது காலுக்குப் பாலமாக இருப்பது உங்கள் வலது கால். ஒரு முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர், அந்தக் காலில் முழு எடையை ஊன்றத் தயங்கி, மறு காலில் சுமையை இறக்கி நடப்பது வழக்கம். அப்படி நடப்பவர் எல்லோருக்கும் மறு காலில் தேய்மானம் வரும் என்று மருத்துவம் சொல்வதில்லை. வயது, உடல் எடை, மரபு ஆகியவையும் அதில் சேரும். இருந்தாலும், 2009-இல் வலது காலில் அறுவை, அதன் பிறகும் சீருடையில் ஒன்பது ஆண்டு, 2015-இல் இடது காலில் முதல் வலி, 42 வயதில் தேய்மானம் என்ற இந்த வரிசையைப் பார்த்த பிறகும், பணிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று போர்டு எழுதியிருந்தால், ஏன் இல்லை என்பதற்கு அது ஒரு காரணம் சொல்லியிருக்க வேண்டும். வயதால் வந்தது, உடல்வாகால் வந்தது என்ற ஒரு வரி காரணமாகாது. அந்த ஒரு வரியைத்தான் உங்கள் மேல்முறையீடு குறிவைக்க வேண்டும்.

இதற்குத் தேவையான காகிதங்கள் எல்லாம் பணிக்காலத்துக் காகிதங்கள். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய காலத்தில், முதுகில் காயம்பட்ட ஒரு முன்னாள் நாயக்குக்காக, அந்த ஆண்டு எடுத்த ஸ்கேனையும் தனியார் மருத்துவரின் நீண்ட சான்றையும் வைத்து ஒரு மனுவை நான் தயாரித்தேன். அவர் பணியில் இருந்த காலத்தின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கவில்லை. மனு தள்ளுபடியானது. இன்றைய வலி எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அந்த வலி அன்றைக்கு எப்படித் தொடங்கியது என்பதை அது சொல்லாது என்பதை அவருடைய இழப்பில்தான் நான் கற்றுக்கொண்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே தனியார் மருத்துவரின் 50 விழுக்காட்டுச் சான்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உண்மையாகப் பரிசோதித்துக் கொடுக்கும் சான்றானாலும், ராணுவ ஓய்வூதியத்துக்கான விழுக்காட்டை அது தீர்மானிக்காது. மறு போர்டு கேட்பதற்குத் துணை ஆவணமாக மட்டுமே பயன்படும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி வழங்கப்படும் அடையாள அட்டையில் உள்ள விழுக்காடு வேறு அளவுகோலில் அளந்தது. அதில் 40 என்ற எல்லை வேறு பலன்களுக்கானது. ராணுவப் போர்டு கேட்கும் கேள்வி, அதே வயதுள்ள நலமான ஒருவரோடு ஒப்பிட்டால் இவருக்கு எவ்வளவு குறை என்பதாகும். பொய்யாக ஏற்றி எழுதிய சான்றை நீங்கள் தாக்கல் செய்தால், உண்மையான இன்ஜுரி ரிப்போர்ட்டின் மீதும் சந்தேகம் விழும்.

முதல் வேலையாக, வெலிங்டனில் உள்ள, உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். இணையவழியிலும் அனுப்பலாம். ஓய்வுக்கு முன் நடந்த மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைகளையும், அதோடு இணைந்த எலும்பு மருத்துவ நிபுணரின் கருத்தையும், 2009 முதல் உங்கள் மருத்துவ வகையை நிர்ணயித்த ஒவ்வொரு போர்டின் காகிதங்களையும், இன்ஜுரி ரிப்போர்ட்டையும், கோர்ட் ஆஃப் என்கொயரி என்னும் ராணுவ விசாரணை நடந்திருந்தால் அதன் நகலையும், சேர்க்கையின்போது எழுதிய மருத்துவப் பரிசோதனைத் தாளையும், நீங்கள் எங்கெங்கே எந்தக் காலத்தில் பணியாற்றினீர்கள் என்ற விவரத்தையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மருத்துவ ஆவணங்கள் அனைத்தும் என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு தாள் மட்டும் வந்து சேரும் வாய்ப்பு உண்டு. 30 நாளில் பதில் வர வேண்டும்.

காகிதங்கள் வந்ததும் முதலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். இடது முழங்காலுக்கு எதிரே, பணியோடு தொடர்பில்லை என்பதற்கு எழுதிய காரணம் என்ன என்பது ஓரிடம். லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது முழு உடல்தகுதி இல்லாதவர் என்ற வகையில், வைத்த பிறகும் உங்களை மலைப்பகுதியிலோ சுமை தூக்கும் பணியிலோ வைத்திருந்தார்களா, இடது கால் வலியை முதன்முதலில் எந்தத் தேதியில், எந்த ஊரில் மருத்துவரிடம் சொன்னீர்கள் என்பது மற்றோரிடம். 2015-இல் சொன்னதற்குப் பதிவு இருந்தால், மனுவில் அந்தத் தேதி முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

வலது காலை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை இரண்டாவது கோரிக்கையாக, மறு போர்டு கேட்கும் கோரிக்கையாக வையுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானியால் அளந்து பாகை எண்ணிக்கையில் எழுதுவார்கள். நலமான முழங்கால் ஏறத்தாழ 135 முதல் 140 பாகை வரை மடங்கும். தொடைத் தசை மெலிந்திருக்கிறதா என்று நாடாவால் சுற்றளவு எடுத்து மறு காலோடு ஒப்பிடுவார்கள். ஜவ்வு உறுதியாக இருக்கிறதா, மூட்டு முன்னே நழுவுகிறதா என்றும் கையால் அசைத்துப் பார்ப்பார்கள். உங்கள் இடைக்காலப் போர்டுகளில் இந்த அளவுகள் தெளிவாக இருந்து, கடைசிப் போர்டில் அளவு எதுவும் இல்லாமல் 15 என்று மட்டும் இருந்தால், அல்லது முன்பு குறித்த தசை மெலிவு கடைசியில் காரணமின்றி மறைந்திருந்தால், அந்த முரண்பாடுதான் மறு போர்டு கேட்க உங்களுக்கு இருக்கும் உறுதியான பிடி. ஓய்வுக்குப் பிறகு கால் மோசமாகிவிட்டது என்பது தனிக் கதை. நிரந்தரம் என்று தீர்மானித்த ஊனத்தை, வீரர் தாமே கேட்டால் மறுபரிசீலனை செய்யலாம் என்று 2001 பிப்ரவரி 7-ஆம் தேதிய பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் சொல்கிறது. ஆனால் 2018-இல் போட்ட கணக்கு தவறு என்ற வாதத்தோடு இதைக் கலந்து எழுதினால் இரண்டும் மங்கிப்போகும். தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள்.

புதிய விதிகள் வந்துவிட்டன, பழைய ஆட்களுக்கு இனி ஒன்றும் கிடையாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அதற்குப் பிறகு ஓய்வு பெறுபவர்களுக்கானவை. உங்களுக்கு 2008-ஆம் ஆண்டின் விதிகளே பொருந்தும். அந்த 2008 விதிகளில் நீங்கள் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. சாதாரணமாகத் தகுதியை நிரூபிக்கும்படி வீரரைக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஓய்வு பெற்று 15 ஆண்டு கழிந்து, பணி ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கோரிக்கை வைத்தால், நிரூபிக்கும் சுமை வீரர்மேல் வந்துவிடும். உங்களுக்கு ஏழு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. காகிதங்கள் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தாமதத்தைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை இல்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கும், அங்கே தோற்றால் மேலும் ஆறு மாதத்துக்குள் இரண்டாம் குழுவுக்கும் போக வேண்டும் என்பதே வழக்கமான பாதை. நீங்கள் அந்தக் காலத்தைத் தவறவிட்டீர்கள். ஆனால் ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரும் உங்களைப் போன்ற படைவீரர்தான். 1983-இல் வெளியேறி 1999-இல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதிய உரிமை அவருக்குக் கிடைத்தது. நிலுவைத் தொகை மட்டும், வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நின்றது. ஆகையால் தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதி, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டை அனுப்புங்கள். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்தில் பதில் வராவிட்டாலும், மறுத்துப் பதில் வந்தாலும், சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வை, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அணுகலாம். அங்கே நீதித்துறையிலிருந்து வந்த ஒருவரும் படையில் உயர் பொறுப்பு வகித்த ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள் என்பதால், ரோந்து என்றால் என்ன, பனியில் சுமையோடு நடப்பது என்றால் என்ன என்பதை அங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எவ்வளவு தொகை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பத்திரத்தின் எடை உங்களுக்குத் தெரிவதற்காக ஒரு கணக்கு. 100 விழுக்காடு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பது அளவு. கணக்குக்காகக் கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100-க்கு 12,000. இடது காலின் 20 ஏற்கப்பட்டு 50 ஆக முழுமையானால் மாதம் 6,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும். மூன்று ஆண்டு நிலுவை, அகவிலை நீங்கலாக, 2,16,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 72,000 ரூபாய். இதைத்தான் அவர் கேட்கிறார். முதல் மேல்முறையீடு எழுதுவதற்கு வழக்கறிஞரே தேவையில்லை. வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். தீர்ப்பாயம் வரை போக வேண்டி வந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞருக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம், முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

கடைசியாக, அறுவை. மருத்துவர் மூட்டு மாற்று வேண்டும் என்று சொல்லி, நீங்களும் வலியால் தூக்கமின்றி இருந்தால், வழக்குக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் இடது காலின் வழக்கு 2018-ஆம் ஆண்டின் காகிதத்தில் இருக்கிறது. இன்றைய மூட்டை எடுத்துவிட்டாலும் அந்தக் காகிதம் மாறாது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமாகிய இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக்கில் பரிந்துரை பெற்று, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள். ஆனால் அறுவைக்குச் செல்லும் முன், இரண்டு முழங்கால்களும் எத்தனை பாகை மடங்குகின்றன, இரண்டு தொடைகளின் சுற்றளவு என்ன, குந்தவும் படியேறவும் முடிகிறதா, எத்தனை தூரம் நிற்காமல் நடக்கிறீர்கள் என்பவற்றைத் தேதியோடு எழுதித் தரும்படி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே படங்களையும் கையோடு வாங்கி வையுங்கள். வலது காலுக்கு மறு போர்டு உத்தரவாகும்போது, அறுவைக்கு முந்தைய நிலையைச் சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாளும் அந்தப் படங்களும்தான்.